முதுகில் சுண்ணாம்புப் பொட்டு

முதுகில் வெள்ளைப் பொட்டோடு துளைக்குள் நுழைந்த ஒரு கருவண்டுதான் லாத்தாவை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்கிறது. அறுபதுகளின் தொடக்கம். சாயல்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் விவசாய ஊழியனாக இருந்தேன். சோளக்கொல்லையில் களைக்கொல்லி அடித்து ஊராருக்குக் காட்டுவது எனக்கு இடப்பட்ட வேலை. குனிந்து பறிக்காமலே களை கருகுவதை எல்லோரும் வியந்து பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

கொல்லையை ஒட்டி இருந்தது லாத்தாவின் கத்தரித் தோட்டம். லாத்தா என்றால் அவர்கள் வீட்டு வழக்கில் அக்கா. ஊரில் எல்லோருக்கும் அவர் லாத்தாதான். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். கிணறு, தோட்டம், பிள்ளைகள் எல்லாவற்றையும் இவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். கொல்லையின் பாதிக்கு நான் மருந்தடித்த மறுநாள் காலை, வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"இங்கன வாங்க தம்பி. என்ன கேக்குது?"

"ஒன்றும் கேட்கவில்லையே."

"அதத்தான் சொல்றேன். சத்தமே இல்ல."

கருவண்டு கத்தரிப் பூவைப் பற்றிக்கொண்டு உறுமும்போது பூ அதிர்ந்து மகரந்தம் உதிரும். அந்த உறுமலை வைத்தே காய்ப்பைக் கணிப்பவர் அவர். இப்போது வண்டுகள் பூவில் வெறுமனே தொற்றிக்கொண்டு கிடந்தன. மருந்து களையை மட்டும்தான் கொல்லும் என்று, துண்டுப் பிரசுரத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் கோபப்படவில்லை.

"வண்டக் கொல்லுதுன்னு நான் சொல்லலையே. புத்தி தடுமாறுதோன்னு தோணுது. அது நெசமா இல்லையான்னு பாத்துருவோம். மீதிப் பாதிக்கு அடிக்க ரெண்டு வாரம் பொறுப்பீகளா?"

பொறுத்தேன். அவருடைய மாட்டுக் கொட்டகையில் கூரையைத் தாங்கிய பனங்கைகளைத் துளைத்துத்தான் வண்டுகள் குடியிருந்தன. மருந்தின் வேகம் தணியட்டும் என்று பத்து நாள் விட்டுவிட்டு, விடியலில் துளை வாயில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். வெளியே வந்து அகப்பட்ட ஒவ்வொன்றையும் துணியால் பக்குவமாகப் பிடித்து, ஈர்க்குச்சி நுனியால் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு முதுகில் வைத்தார். இரண்டு முறை கொட்டு வாங்கினார். வீங்கிய விரலோடுதான் அன்று கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார். ஒன்பது வண்டுகள். மூன்று நாள் மாலையும் ஒன்பதும் தவறாமல் வீடு திரும்பின.

நான்காம் நாள் காலை மீதிப் பாதிக்கு மருந்தடித்தேன். பொழுது சாயும் நேரம் இருவரும் கொட்டகை வாசலில் நின்றோம். நான்கு வண்டுகள் நேராக வந்து துளைக்குள் நுழைந்தன. இரண்டு பக்கத்துப் பனங்கையில் முட்டி முட்டிச் சுற்றின. ஒன்று என் காலடியில் விழுந்து ஊர்ந்தது. மற்ற இரண்டையும் கொல்லை ஓரத்துத் தும்பைப் பூவில் கண்டோம், தொட்டும் பறக்கவில்லை. தான் நினைத்தது சரியாகிவிட்டது என்ற களிப்பு லாத்தாவின் முகத்தில் துளியும் இல்லை. "வீடு மறந்து நிக்கிதுக, பாவம்" என்று ஒவ்வொன்றாக இலையில் ஏந்தித் துளை வாயில் விட்டார். அதன்பின் அந்தப் பருவம் முடியும்வரை தினமும் காலையில் மகரந்தம் உதிர ஒவ்வொரு பூவையும் விரலால் சுண்டிவிட்டு, கிடைத்த காயைப் பறித்தார்.

நான் அறிக்கை எழுதினேன். அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது; அதனால் வாசித்துக் காட்டினேன். ஐந்து வண்டுகள் வழி தப்பின என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலு ஒழுங்கா வந்துச்சே தம்பி, அத எழுதலையே?"

"அது நமக்குச் சாதகமில்லையே லாத்தா."

"அதுக்காக? வந்தது வந்ததுதானே. களை செத்ததையும் எழுதுங்க. மருந்து மேல பொய் சொல்லி என் தோட்டம் தழைக்க வேணாம்."

இரண்டையும் சேர்த்து எழுதினேன். மேலதிகாரி வாசித்துக்கொண்டே வந்து அந்த வரியில் விரலை வைத்தார். "நாலு திரும்பி வந்ததையும் எழுதியிருக்கீரே. அப்ப மத்ததையும் நம்பலாம்" என்றார். அடுத்த பருவம் அந்தக் கொல்லையில் மருந்து இறங்கவில்லை, களைவெட்டிதான் இறங்கியது.

ஒரு கொல்லை, ஒரு கொட்டகை, ஒன்பது வண்டு. மருந்துதான் காரணம் என்று இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. லாத்தாவும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அதிகாரி அன்று எல்லோர் முன்னிலும் என் நேர்மையைப் பாராட்டியபோது, நான் வாய் திறக்காமல் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். அந்த வரி என்னுடையதல்ல.