சும்மா பார்க்கப் போன அக்கா

குலதெய்வம் அங்காளம்மனைக் கும்பிட்டு இதை எழுதுகிறேன். எங்கள் அக்கா சாமியிடம் சேர்ந்து இன்றோடு ஒரு வருடம். எட்டாவது வரை படித்தவன் நான். பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா அன்னூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவர். அப்பா பாம்பு கடித்து இறந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. "நான் படிச்சது போதும், தம்பி போகட்டும்" என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு களை வெட்டப் போனார். கல்யாணமாகிக் கருமத்தம்பட்டிக்கு வந்தபின், மாமாவும் அவரும் ஆறு விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டினார்கள். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, கோயிலில்கூட அக்கா உரக்கத்தான் வேண்டுவார். "அம்மனுக்குக் காது நல்லாக் கேக்குமுங்க" என்று பூசாரி சிரிப்பார்.

ஆயுத பூஜையன்று தறிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது இன்சூரன்ஸ் கார்டுக்கும் ஒரு பொட்டு வைப்பார்.

"அதுக்கு ரெண்டு பொரியும் ஊட்டி உடு" என்பார் மாமா.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு ஒண்ணுன்னா வந்து நிக்கறது அதுதானுங்க."

மூன்று வருடங்களுக்கு முன் பக்கத்து வீதியில் ஒரு அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வீடு வீடாக வரும் நர்ஸம்மா, "நோவு இல்லாதப்பவே ஒருக்கா மார்புக்குப் படம் எடுத்துப் பாத்துக்கோங்க" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். பொட்டு வைத்த கார்டை நீட்டினார்.

"உடம்புக்கு என்னங்க பண்ணுது?" என்று அங்கிருந்த பெண் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலீங்க அம்மணி. சும்மா பாத்துக்கலாம்னு வந்தோமுங்க."

"சும்மா பாக்கறதுக்குக் கார்டு செல்லாதுங்க. நோவுன்னு படுத்து வைத்தியம் பண்ணுனாத்தான் செல்லும்."

அக்கா என்னைப் பார்த்தார். "நோவு வந்தா வரச் சொல்றாங்க தம்பி. நோவைக் குடு தாயேன்னு வேண்டிக்கிட்டு வாரதா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கார்டு செல்லாவிட்டால் போகிறது, நாமே பணம் கட்டிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக்கா? வா, போலாம்" என்று சொல்லிப்போட்டேன். அந்த வார்த்தையை இன்றுவரை அம்மன் முன்னால் சொல்லி அழுகிறேன்.

ஒன்றரை வருடம் கழித்துக் கட்டி தெரிந்தது. தீபாவளிக்குத் தரவேண்டிய துணி முடியட்டும் என்று அதையும் அக்கா மறைத்து வைத்தார். படுத்த பிறகு கார்டு எல்லாவற்றுக்கும் செல்லுபடியானது. ஆபரேஷன், மருந்து, அறை, எதற்கும் குறையில்லை. நோய்தான் எலும்புவரை போயிருந்தது.

கடைசி வாரத்தில் அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கவில்லை. நான் குனிந்து கேட்டேன். "நான் அன்னிக்குச் சும்மான்னு சொன்னதுதான் தப்பாப் போச்சு தம்பி. வலிக்குதுன்னு பொய் சொல்லீருக்கோணும். பாப்பாவையாவது கூட்டிட்டுப் போ, சாமி."

பொய் சொல்லி அறியாதவர் எங்கள் அக்கா. உண்மை சொன்னது தப்பு என்று நினைத்துக்கொண்டே அவர் போனதுதான் எனக்கு ஆறவில்லை. காப்பீடு நடத்துகிறவர்களையும் சட்டம் செய்கிறவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நோய் முற்றியபின் இவ்வளவு செய்கிற கார்டு, வருமுன் பார்ப்பதற்கும் செல்ல வேண்டும். அதைக் கட்டாயமாக்குங்கள்.

போன மாதம், அக்கா பாப்பா என்றே கூப்பிட்ட அவர் மகளை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு இப்போது நாற்பது வயது. அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பாக்கத்தானுங்க வந்தோம்" என்றேன். கார்டு அன்றும் செல்லவில்லை. நாங்கள் திரும்பவில்லை. கைப்பணம் கட்டிப் படம் எடுத்தோம். நல்லபடியாக இருக்கிறாள் என்றார்கள். வெளியே வந்து நான்தான் அழுதேன்.

அக்கா படுத்திருந்த மாதங்களில் தறி நிற்காமல் ஓட்டிக்கொடுத்த பக்கத்துத் தறிக்குடோன்காரர்களுக்கும், முகம் சுளிக்காமல் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸம்மாவுக்கும், தினமும் ரசம் கொடுத்தனுப்பிய சிங்காநல்லூர்ச் சின்னம்மாவுக்கும் எங்கள் குடும்பம் ஏழு பிறவிக்கும் கடன்பட்டிருக்கிறது.

படையலுக்கு வந்திருக்கும் அக்கா தங்கைமார் எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போங்கள். போனதும், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே, சும்மா ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.