மூன்று பூட்டுப் பெட்டி

பாண்டிருப்புக் கனகரெத்தினத்தில் எங்களுக்கு நல்ல நம்பிக்கை. அதனால்தான் அவரை வெள்ளிக்கிழமை தோறும் உள்ளே வைத்துப் பூட்டினோம்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மருதமுனையில் எங்கள் நெசவாளர் சங்கத்துக்கு அப்போது நான்தான் செக்கிரட்டரி. பெயர் பக்கீர் முகைதீன். பூட்டிய மூன்று பேரில் நானும் ஒருவன். ஆகவே இதில் யாரையாவது ஏசினால் என்னையும் சேர்த்துத்தான் ஏசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கனகரெத்தினம் நாலு சுவருக்குள் இருந்து பழகிய மனிதரல்ல. இருபத்திரண்டு வருடம் வயல் காவல். மேற்கு வயல் வட்டையில் நாலு கம்பு நட்டு மேலே கிடுகு போட்ட பரண்தான் அவருடைய ஆபீசு. சுவர் கிடையாது, கதவு கிடையாது. பன்றி வந்தால் கத்துவார், யானை வந்தால் வெடி கொளுத்துவார், ஒன்றும் வராவிட்டால் தனக்குத்தானே பாட்டுப் படிப்பார். எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஒரு தென்னை அவருடைய இடது காலில் விழுந்தது. எலும்பு கோணலாகப் பொருந்திற்று. அதற்குப் பிறகு வரம்பில் ஓட முடியாத ஆளை யார் காவலுக்கு வைப்பார்கள்?

வீட்டில் மனைவி செல்லத்தங்கமும் மூன்று பெண்களும். எங்கள் கரையில் தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும் ஒரே வழக்கம்தான்: பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டுமானால் கையில் ஒரு வீட்டோடு கொடுக்க வேண்டும். மூத்தவளுக்குக் கட்டிய வீடு சூறாவளிக்குத் தப்பி நின்றது. இன்னும் இரண்டு வீடு கட்ட வேண்டிய மனிதர், நொண்டிக்கொண்டு எங்கள் சங்கத்துக்கு வேலை கேட்டு வந்தார்.

எங்களுக்கும் அவர்தான் தேவைப்பட்டார். காரணம், எங்கள் குடிச் சண்டை. குடி என்றால் தாய் வழி வம்சம். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு தலைவர், மரைக்கார் என்போம். எங்கள் சங்கத்தில் மூன்று குடிக்காரர் இருந்தோம். நூல் பவுண் போல இருந்த காலம் அது. கொழும்பிலிருந்து வருகிற பங்கை வைத்துத்தான் முன்னூறு தறி ஓடியது. நூல் ஸ்டோருக்கு ஒரு குடியிலிருந்து காவல்காரனைப் போட்டால் மற்ற இரண்டு குடியும் “நூல் போய்விட்டது” என்று குதிக்கும். எந்தக் குடியும் இல்லாத ஆள் வேண்டுமென்று பார்த்தபோது கனகரெத்தினம் வாசலில் நின்றார். அல்லாஹ்வே அனுப்பினான் என்றோம்.

கிழமை நாட்களில் பிரச்சினை இல்லை, ஆட்கள் நடமாட்டம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஊரில் ஆண்பிள்ளை ஒருவரும் வெளியில் இருக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது தொழுகைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து கனகரெத்தினத்தை மயக்கி நூல் எடுத்துவிட்டால்? யோசித்தோம். அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டுவதென்று முடிவாயிற்று. ஒன்றரை மணித்தியாலம்தானே. ஸ்டோருக்கு ஜன்னல் இல்லை. முகட்டுக்குக் கீழே கை அகலத்தில் ஒரு காற்றுத் துவாரம். கதவு இரும்பு மாதிரி முதிரைப் பலகை.

எழுபத்தொன்பதில் கொழும்பிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். ஆள் உள்ளே இருக்கப் பூட்டுகிறீர்களா என்று தலையில் கை வைத்தார். கொழும்புத் துறைமுகக் கிடங்குகளில் வாசலோடு ஒரு சிவப்புப் பெட்டி இருக்குமாம். முன்னால் கண்ணாடி. உள்ளே அந்தக் கதவின் திறப்பு, அதாவது சாவி. நெருப்புப் பிடித்தால் நெருப்பணைக்கிறவர்கள் கண்ணாடியை உடைத்துத் திறப்பை எடுத்து உள்ளே போவார்களாம். அப்படி ஒன்று வைக்காவிட்டால் அடுத்த பங்கு நூல் வராது என்று எழுதிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் நெருப்பணைக்கும் படை என்றால் கிணறும் வாளியும்தான். ஆனாலும் நூல் வேண்டுமே. கூட்டம் போட்டோம்.

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள திறப்பா? அது கள்ளனுக்கு வெத்தில வெச்சிக் கூப்பிடுற மாதிரி,” என்றார் முகைதீன்பாவா மரைக்கார்.

“அப்ப இரும்பில செய்வம்,” என்றார் அப்துல் ஹமீட் மரைக்கார்.

“பூட்டு?” என்று கேட்டது நான். ஆம், நான்தான்.

பள்ளிவாசல் உண்டியலுக்கு ஒவ்வொரு குடி மரைக்காரிடமும் ஒவ்வொரு திறப்பு உண்டு. எல்லாரும் கூடினால்தான் திறக்கும். நல்ல முறைதானே? அதையே இதற்கும் வைத்தோம். ஆபத்துக்கு அவசரமாய்த் திறக்க வேண்டிய பெட்டிக்கு மூன்று பூட்டு! இரண்டு மரைக்கார்களிடமும் ஒவ்வொரு திறப்பு, எங்கள் குடிக்கு என்னிடம் ஒன்று. ஸ்டோர்க் கதவின் ஒரே திறப்பு ஜும்ஆ நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும். உண்டியல் செய்கிற அதே கொல்லன்தான் செய்தான். கைப்பழக்கத்தில் மேலே காசு போடுகிற வெட்டும் வைத்துவிட்டான். அதற்குள்ளால் பார்த்தால் திறப்புத் தெரியும். எடுக்க முடியாது.

கதவு நிலையோடு சேர்த்து அதை இறுக்கிய அன்று கனகரெத்தினம் வெட்டுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

“செக்கிரட்டரி, இது எனக்கா, நூலுக்கா?”

“ரெண்டுக்கும்தான் அண்ணன்,” என்றேன்.

மூன்று வருடம் அப்படியே போயிற்று. உள்ளே இருந்து அவர் படிக்கிற பாட்டு, பள்ளிக்குப் போகிற எங்களுக்குக் கொஞ்சத் தூரம் வரை கேட்கும். முதல் மாதங்களில் சத்தமாகப் படித்தார். பிறகு குறைந்தது. கடைசியில் நின்றேவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

எண்பத்திரண்டு ஆடி மாதம். கச்சான் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்டோருக்குப் பக்கத்தில் சாயம் காய்ச்சுகிற கொட்டிலில் அடுப்பைச் சரியாக அணைக்காமல் போய்விட்டார்கள். காற்று நெருப்பைத் தூக்கிக் கிடுகில் வைத்தது. கிடுகிலிருந்து காற்றுத் துவாரத்தால் பொறி உள்ளே விழுந்தது. உள்ளே பஞ்சு நூல்.

முன்வீட்டுச் சுல்பிகாதான் முதலில் கண்டாள். புருஷன் இல்லாமல் இரண்டு தறி வைத்துப் பிழைக்கிற பெண். உலக்கையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பெட்டிக்கு அடித்தாள். கொல்லன் நல்ல வேலைக்காரன், பெட்டி அசையவில்லை. கதவுக்கு அடித்தாள். முதிரை அசையுமா? வெட்டுக்குள்ளால் திறப்பைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறாள். மற்றப் பெண்களை வாளியோடு கூப்பிட்டுவிட்டு, பள்ளிவாசல் மதில் வரை ஓடி வந்து கத்தினாள்.

“ஸ்டோர் பத்துது! உள்ள ஆள்! திறப்பு வெச்சிருக்கிறவங்க ஓடி வாங்க!”

எனக்குக் கேட்டது. பள்ளி முழுக்கக் கேட்டது. அப்போதுதான் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கி முதல் ரக்அத்தில் நின்றோம். நான் செக்கிரட்டரி அல்லவா, முதல் வரிசை. எனக்கு வலப்பக்கம் முகைதீன்பாவா மரைக்கார், இடப்பக்கம் அப்துல் ஹமீட் மரைக்கார். பின் வரிசைகளில் ஆட்கள் தொழுகையை விட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடினவர்களிடம் திறப்பு இல்லை. திறப்பு வைத்திருந்த மூவரும் அசையவில்லை.

ஏன்? இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என் ஒரு திறப்பு எதைத் திறக்கும் என்று நினைத்தேன். மற்ற இருவரும் அசைந்தால் நானும் அசைவேன். குனிந்த கண்ணால் முகைதீன்பாவா மரைக்காரின் கால் பெருவிரலைப் பார்த்தேன். அது அசையவில்லை. அவர் என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார். ஹமீட் மரைக்காரும் அப்படித்தான் சொன்னார். மூன்று பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அந்தத் தொழுகையை முடித்தன. இமாம் சீக்கிரம் முடிக்க ஆகச் சின்ன சூராவைத்தான் ஓதினார். உயிரைக் காப்பாற்றத் தொழுகையை முறிப்பது குற்றமல்ல, கடமை என்று அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அது எங்களுக்குத் தெரியாததா?

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு ஓடினோம். எங்களுக்கு முன்னே ஓடிவந்தவர்கள் கதவோடு மோதித் தோற்று, கூரைக்கு வாளியால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுல்பிகா கதவடியில் மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்தாள். கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. அதற்குள்ளால் கனகரெத்தினத்தின் விரல் நுனிகள் வெளியே தெரிந்தன. அவள் அந்த விரல்களை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

“கதைங்க அண்ணன். என்னத்தையாவது கதைச்சிட்டு இரிங்க. மூத்த மகள்ள பேரென்ன? சொல்லுங்க!”

விரல் மட்டும் அசைந்தது. எங்களைக் கண்டதும் அவள் தலையைத் தூக்கினாள்.

“சலாம் குடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

பெட்டி சுட்டது. முதலாவது பூட்டு, இரண்டாவது பூட்டு, மூன்றாவது பூட்டு. நான்தான் கடைசி. கதவைத் திறந்து இழுத்தபோது அவருக்கு மூச்சு இருந்தது.

ஆசுபத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். நாலாம் நாள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். செல்லத்தங்கம் என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள். அவருக்குத் தொண்டை வெந்து குரல் காற்றாகத்தான் வந்தது.

“செக்கிரட்டரி, நீங்க எத்தினையாம் வரிசையில நிண்டீங்க?”

“முதலாம் வரிசை.”

“அப்ப நேரமாகும்தான்,” என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்துச் சொன்னதைத்தான் இன்று வரைக்கும் தாங்க முடியவில்லை. பழத்தை வைத்துவிட்டு வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சங்கம் கூடியது. கதவைப் பூட்டாமல் விடுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப நூலுக்கு ஆரு பொறுப்பு?” என்று முகைதீன்பாவா மரைக்கார் கேட்டார். நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டி அப்படியே இருக்கட்டும் என்று நானே குறிப்பில் எழுதினேன்.

அவர் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். ஒன்றரை மாதத்தில் வந்தார், ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு. நடுவில் மகளுக்குக் கட்டுகிற வீட்டுச் சுவர் காசில்லாமல் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறதாம். கையில் ஒரு அலவாங்கு, சுவர் இடிக்கிற கடப்பாரை.

“உங்கட பெட்டிய நீங்க வெச்சிக்கங்க. நான் இத உள்ளுக்கு வெச்சிக்கிறன். எனக்கு இது காணும், வேறொண்டும் வேணாம்.”

மரைக்கார்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அலவாங்கு உள்ளே இருந்தால் பின்சுவரை உடைக்கலாம், நூல் போகலாம். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். கனகரெத்தினம் என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு அலவாங்கைத் தந்தார். ஒரு காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். நெருப்புக்குப் பிறகு உள்ளே அடித்த புதுச் சுண்ணாம்பு மணந்தது. நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். திறப்பைப் பெட்டியில் போட்டோம். மூன்று பூட்டும் விழுந்தன.

பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. திரும்பினேன். கதவடி இடைவெளியால் அவருடைய குரல் வந்தது.

“செக்கிரட்டரி, இண்டைக்குக் கடைசி வரிசையில நில்லுங்க.”

அன்று செருப்புக் கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் நின்று தொழுதேன். பிறகு ஒரு நாளும் நான் முன்னுக்குப் போகவில்லை.