இரண்டாவது முறை சோறு

பத்தாம் வகுப்பில் மகள் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக, ஓசூர் எல்லையைத் தாண்டி கர்நாடகப் பக்கம் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்கு அவளை அழைத்துப் போனேன். மதியம், "வா கண்ணு, இன்னிக்கு நல்ல இடத்துல சாப்பிடலாம்" என்று நான்தான் அங்கிருந்த பெரிய உணவகத்துக்குள் கூட்டிப்போனேன்.

அகலமான தட்டின் நடுவே ஒரு கைப்பிடி சோறு, ஓரத்தில் இரண்டு துண்டு கோழி. நான்கு வாயில் முடிந்துவிட்டது. எங்கள் கம்பெனி கேன்டீனில் சோற்று வாளி மறுபடி வரும்வரை கை கழுவாமல் உட்கார்ந்திருப்போம். அந்தப் பழக்கத்தில் அங்கும் காத்திருந்தேன். பரிமாறுபவர் வந்து, "ஆயித்தா சார்?" என்று, முடிந்ததா எனக் கன்னடத்தில் கேட்டபடி தட்டை எடுக்கப் போனார்.

"இல்லீங்க, பாப்பாவுக்கும் எனக்கும் இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

"ரெண்டாவது தடவை கிடையாது சார். வேணும்னா புதுசா ஒரு பிளேட் சொல்லணும்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். விலையை நினைத்து நான் தயங்கினேன். அதை மகள் பார்த்துவிட்டாள்.

"வேணாம்ணா, எடுத்துக்கங்க. எங்களுக்கு வயிறு ரொம்பிருச்சு" என்றாள்.

வீட்டில் மனைவி, "சாப்பாடு எப்படிடி?" என்று கேட்டாள்.

"செமம்மா. சாப்பிட முடியாம மிச்சம் வெச்சுட்டோம்."

சற்று நேரம் கழித்து மகள் சமையலறையில் நின்றபடியே காலையில் மீந்த சோற்றை அவசரமாகச் சாப்பிடுவதைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் அவள் "போதும்பா" என்று சொன்னால், அது நிஜமா, எனக்காகச் சொல்வதா என்று என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை.