சைபர் போடாத முசியே

மற்ற ஊர்களில் தேசியப் பூங்காவுக்குள் ஜீப்பில் போய்ப் புலியை எண்ணுகிறார்கள். புதுச்சேரியில் புலி படுத்துப் புரள இடம் போதாது. எங்களுக்கு ஊசுட்டேரி இருக்கிறது. அதிலும் பாதி தமிழ்நாட்டுக்குச் சொந்தம். வருஷா வருஷம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அங்கே பறவைகளை எண்ணுவதற்கு ஆள் சேர்ப்பது என் வேலை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

எண்ணுவதுகூடச் சுலபம், ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. வாட்ஸப்பில் முதல் ஆளாகக் கட்டைவிரலைக் காட்டியவர்கள், விடிந்ததும் போனை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். இந்த முறை வேன் கிளம்பியபோது பாதி இருக்கை காலி. என் குழுவில் என்னோடு இரண்டே பேர் மிஞ்சினார்கள்.

ஒருவர் எங்கள் தெரு முசியே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர், அதனால் தெருவே அவரை ‘ஐயா’ என்பதற்குப் பதில் பிரெஞ்சில் ‘முசியே’ என்றுதான் கூப்பிடும். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மொய் எழுத அவரைத்தான் உட்கார வைப்பார்கள். கையெழுத்து அவ்வளவு அழகு. அதை நம்பித்தான் கணக்கெடுப்புப் படிவத்தை அவரிடம் கொடுத்தேன்.

இன்னொருத்தி என் தங்கை. அவளுக்குக் காக்கையைத் தவிர வேறு பறவை தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. அதே ஞாயிறு தவளக்குப்பத்தில் எங்கள் பெரியம்மா மருமகளுக்கு வளைகாப்பு. தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்டுவிடுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். “டாக்டரைப் பாத்துக்கிட்டிருக்காங்க” என்று நான்தான் மழுப்புவேன். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அன்றைக்கு ஏரிக்கு ஓடி வந்திருந்தாள்.

வேன் ஊரைத் தாண்டவில்லை, முசியே வாய் நிறையச் சிரிப்போடு அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?”

அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். மனதுக்குள் முசியேவை இரண்டு தடவை ஏரியில் தள்ளினேன்.

கரையில் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். தங்கை பைனாகுலரில் பார்த்துச் சொல்ல வேண்டும், முசியே எழுத வேண்டும், நான் பறவை அதுதானா என்று சரிபார்க்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, தங்கை என்னைவிடப் பொறுமையாகப் பார்த்தாள். ஒதுங்கி நின்ற நாமக்கோழிக் கூட்டத்தை இரண்டு தடவை எண்ணி, “அம்பது” என்றாள். படிவத்தை எட்டிப் பார்த்தேன். ஐம்பத்தொன்று என்று இருந்தது.

“முசியே, அந்த ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?”

“மொட்டையா அம்பதுன்னு எழுத மனசு வரலம்மா. ஒண்ணு சேத்தாதான் நல்லாருக்கும்.”

மொய் எழுதிப் பழகிய கை. அந்த ஒரு நாமக்கோழியை அடிக்க வைத்தேன். அடுத்தது கூழைக்கடா. போன வருஷம் அவை கூட்டமாக மிதந்த இடத்தில் இப்போது வெறும் தண்ணீர். தங்கை விடவில்லை. கரையோரமாகவே நடந்து, கோரைப் புதருக்குப் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு, கண் சிவந்து திரும்பி வந்தாள். “இல்ல” என்றாள். முசியே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

“சைபர் போடுங்க முசியே.”

“நல்ல காரியமா வந்திருக்கோம், காலங்காத்தால சைபரா? காலியாவே இருக்கட்டும். வந்தா எழுதிக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது.

“காலியா விட்டா நாம தேடவே இல்லன்னு ஆயிடும். சைபர் போட்டாதான் நல்லா தேடிப் பாத்தோம்னு தெரியும். அதுவும் கணக்குதான். பறவை வரலன்னா, பாத்தவங்க மேல என்ன குத்தம்?”

நான் போட்ட சத்தத்துக்கு, கூழைக்கடா இருந்திருந்தாலும் பறந்திருக்கும். முசியே முகம் சுருங்கிவிட்டது. பேனாவை மூடி மடியில் வைத்தார். “என் கையால போட மாட்டேம்மா” என்றார்.

தங்கை அவர் மடியிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“நான்தான பாத்தேன், நானே போடுறேன்” என்று கூழைக்கடாவுக்கு நேரே அழகாக ஒரு சைபர் போட்டாள். போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப, தேடுனதும் கணக்குல சேருமாக்கா?”

“சேரும்” என்றேன். பறவையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அக்காவாக இருந்து என்ன பிரயோஜனம்.

சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. பெரியம்மா. அவர்கள் பேசுவதைக் கேட்க ஸ்பீக்கரே தேவையில்லை.

“எங்கடி போயிட்ட? எல்லாரும் ஒன்னையேதான் கேக்குறாங்க. விசேஷம் ஏதாச்சும் உண்டா, அதான் வரலியா?”

முசியே சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் தான் கேட்டதும் இதைத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நான் வழக்கம்போலப் போனை வாங்கக் கையை நீட்டினேன்.

அவள் தரவில்லை.

“இல்ல பெரிம்மா” என்றாள். குரல் இறங்கவே இல்லை. “பாக்காத டாக்டர் இல்ல. அவரும் நானும் முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பாத்துட்டோம். இன்னிக்கு வரைக்கும் இல்ல.”

இத்தனை வருஷம் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான்தான் அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தேனோ என்று இருந்தது. பெரியம்மா மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு வேறு யாரோ பேசுவதுபோல மெதுவாக, “சாப்புட்டியாடி?” என்று கேட்டார்கள்.

“பசிக்குது” என்றாள் தங்கை. “புளிசாதம் தீந்துடப் போவுது, எனக்கு எடுத்து வை. வந்துக்கிட்டே இருக்கேன்.”