சாவியைத் திருப்பாத கேமரா

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டைச் சீமையில் மூன்று வாரம் சுற்றியபோது நூறு பேருக்குக் குறையாமல் போட்டோ எடுத்தேன். அவர்களில் முக்கால்வாசிப் பேரை எடுத்தபோது என் கேமராவுக்குள் பிலிம் கிடையாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பேய், பிசாசு, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றை நம்புகிறவர்களைக் கிண்டல் செய்து பத்திரிகைகளில் எழுதியே பாதி வயதை ஓட்டியவன் நான். இதையும் அந்த ரகத்தில் சேர்த்துச் சிரித்துவிட்டுப் போவீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில். என் பேய் நடுநிசியில் சலங்கை கட்டிக்கொண்டு வரவில்லை. காலை பதினொரு மணிக்குத் தபாலில் வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மைத்துனன் சுந்தரேசன். யுத்தம் முடிந்து ராணுவத்தார் கழித்துக் கட்டிய ஆம்புலன்ஸ் லாரி ஒன்றை எங்கோ பிடித்துவந்து, திருச்சியில் ஒரு தச்சரை வைத்து அதற்குள் ஒரு வீட்டையே கட்டிவிட்டான். இரண்டு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. இதிலேயே குடியிருந்துகொண்டு ராமேஸ்வரம் வரை போய்த் திரும்புவது என்று திட்டம். ஊர் ஊராகப் போனோம். எங்களை யாரும் உல்லாசப் பயணிகள் என்று எண்ணவில்லை. வண்டியைக் கண்டதும் அம்மை குத்த வந்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் கொல்லைப்பக்கம் ஓடின. ஓர் ஊரில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, எந்தக் கட்சி, என்ன சின்னம் என்று மரியாதையாக விசாரித்தார்.

எனக்கு அப்போது போட்டோப் பைத்தியம் புதிதாகப் பிடித்திருந்தது. என்னிடம் இருந்தது பெட்டிக் கேமரா. வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து குனிந்து பார்த்து, பக்கத்தில் இருக்கும் விசையைத் தட்ட வேண்டும். தட்டிய பிறகு சாவியைத் திருப்பினால் பிலிம் அடுத்த படத்துக்கு நகரும். பின்பக்கத்துச் சிறு சிவப்பு ஜன்னலில் அதன் நம்பர் தெரியும். ஒரு சுருளில் எட்டுப் படம். பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். அலைந்து திரிந்து மூன்று சுருள் சம்பாதித்திருந்தேன். முதல் சுருளைச் சித்தன்னவாசல் குகைக்குள் ஓவியங்களுக்கு என்று செலவழித்தேன். எட்டும் கன்னங்கரேல் என்று வந்ததைப் பிற்பாடு கண்டேன். இரண்டாவது, வழியில் கூட்டம் கூட்டமாக நின்ற ஜனங்களோடும் ஆடு மாடுகளோடும் போயிற்று. மூன்றாவது சுருளைக் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு என்று பிரிக்காமல் பத்திரப்படுத்தினேன்.

ஆனால் கேமராவைக் கண்ட ஜனங்கள் விடவில்லை. என்னைப் பிடிங்க, எங்க ஆத்தாளைப் பிடிங்க, இந்தக் காளையைப் பிடிங்க என்று சூழ்ந்துகொண்டார்கள். இல்லை என்றால் முகம் சுண்டிப்போகும். சுந்தரேசன்தான் வழி சொன்னான்.

"சும்மா தட்டுங்க அத்தான். உள்ளே இருக்கா இல்லையான்னு எவன் பார்த்தான்?"

தட்டினேன். தட்டிவிட்டு, படம் அனுப்புகிறேன் என்று ஒரு நோட்டில் எல்லோருடைய விலாசத்தையும் குறித்துக்கொள்வேன். நம்பிக்கை வரவேண்டுமே என்று என் விலாசத்தையும் சீட்டில் எழுதிக் கொடுப்பேன், கதவிலக்கத்தை மட்டும் மாற்றி. கைதேர்ந்த மோசடிக்காரனுக்குக்கூட இவ்வளவு முன்யோசனை இருக்காது.

கொடும்பாளூருக்கு முந்திய ஒரு சிற்றூரில், பெயர் வேண்டாம், கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினோம். இன்ஜின் கொதித்துப்போய்விட்டது. காலை ஒன்பது மணி இருக்கும். சுந்தரேசன் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான். வழக்கப்படி கூட்டம் கூடியது, வழக்கப்படி நான் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் வந்தாள். பெயர் வள்ளி. ஆறேழு மாதம் முழுகாமல் இருந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரையும் ஒரு படம் பிடிக்கணும். சித்த இருங்க, கூட்டியாரேன். கெளம்பிடாதீங்க."

அவள் ஓடிய பிறகு மற்றவர்கள் விவரம் சொன்னார்கள். புருஷன் கருப்பையா. மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பல வருஷம் கிடந்து, நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவன். மழை வரைக்கும் தாங்க மாட்டான் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காட்ட அவனுடைய முகம் ஒன்று வேண்டும் என்று அவள் எந்நேரமும் புலம்பிக்கொண்டிருக்கிறாளாம்.

அரைமணி நேரம் ஆயிற்று. அவனுக்குச் சவரம் செய்து, தலை சீவி, யாரிடமோ இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையை மாட்டிக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். சட்டைக்குள் ஆள் இல்லை. கழுத்துப்பட்டை தொங்கிவிடாமல் ஊக்குக் குத்தியிருந்தாள். படம் பிடித்தால் ஆயுசு கொறையும்டா என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். கருப்பையா அவரைப் பார்த்து, "இருந்தாத்தானே மாமா கொறைய" என்றான். நான் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெயில் எனக்குப் பின்னால் இருந்தது. என் நிழல் அவன் காலடி வரை நீண்டது. பிரிக்காத சுருள் என் தோள்பையில், கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. இதை எழுதும்போதும் அந்தப் பையின் கனம் தோளில் தெரிகிறது. மூவர் கோயிலுக்கு எட்டுப் படம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஆயிரம் வருஷமாக நின்றுகொண்டிருக்கும் கல்லுக்கு எட்டு. மழை வரைக்கும் நிற்க முடியாத மனிதனுக்கு ஒன்றும் இல்லை.

குனிந்தேன், விசையைத் தட்டினேன், ஆச்சு என்றேன். கேமராவின் வாரைப் பிடித்துக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். வள்ளி இரவல் சட்டைக்காரரைத் தேடி அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். கருப்பையா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தணிந்த குரலில் கேட்டான்.

"சாவியத் திருப்பலையேங்க ஐயா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"எங்க தோட்டத்துத் தொரைகிட்ட இதே பொட்டிதாங்க இருந்துச்சு. நாந்தான் தூக்கிட்டு அலைவேன்."

வாயைத் திறந்தேன். பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்றோ வேறு எதையோ உளறினேன். அவன் சிரித்தான். ஏளனமாகச் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஏதோ ஆறுதல் சொல்கிறவனைப்போல உதட்டோரமாகச் சிரித்தான்.

"பரவால்லங்க. அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க."

அப்போதாவது பையைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வெட்கம்தான் காரணம். சுருளை எடுத்தால் இதுவரை பிலிம் இல்லை என்பது அத்தனை பேருக்கும் வெளிச்சமாகிவிடும். அவனுடைய விலாசத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, என் பொய் விலாசத்தைக் கொடுத்துவிட்டு, சுந்தரேசனை அவசரப்படுத்திக் கிளம்பினேன். மூவர் கோயிலில் எட்டுப் படம் எடுத்தேன். ஏழில் வெளிச்சம் புகுந்து வெளுத்துவிட்டது. எட்டாவதில் சுந்தரேசனின் பாதி முகம் விழுந்திருந்தது.

நாலு மாதம் போனது. ஒருநாள் பதினொரு மணிக்குத் தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்து, "நம்பர் தப்பா இருக்கு, ஒங்களுக்குத்தான் சார்" என்றார். பள்ளிக்கூட வாத்தியார் யாரோ வள்ளிக்காக எழுதியிருந்தார். தாங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் தவறிப் பதினைந்தாம் நாள் வந்து சேர்ந்தது. உயிரோடு நிற்பதுபோலவே இருக்கிறது. தங்கள் உதவியை மறக்க மாட்டோம். மலாயாவில் இருக்கும் இவருடைய தம்பிக்கு அனுப்ப இன்னொரு பிரதி போட்டுத் தரவேண்டும்.

இரண்டு முறை படித்தேன். சுந்தரேசனின் குறும்பு என்று அவன் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். அவன் குழந்தைகள்மேல் சத்தியம் செய்தான். யோசித்தால், அவன் என்ன செய்திருக்க முடியும்? அந்த நேரம் முழுக்க அவன் தலை இன்ஜினுக்குள் இருந்தது. அவனிடம் கேமராவும் கிடையாது.

நேரில் போனேன். பஸ் பிடித்து, இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்து, குற்றவாளி தானே காவல் நிலையத்துக்குப் போவதுபோலப் போனேன். வள்ளி ஒரு மாதக் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். என்னை அடையாளம் கண்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கும்பிட்டாள். அந்தக் கும்பிடை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"உள்ளாற வாங்கண்ணே. இங்கிட்டு வந்து பாருங்க, வாசலுக்கு நேராத்தான் மாட்டியிருக்கேன்."

படம் இருந்தது. உள்ளங்கை அகலம், வெள்ளை விளிம்பு, கண்ணாடிச் சட்டம், பொட்டு, பூச்சரம். இரவல் சட்டை. கழுத்துப்பட்டையில் ஊக்கு. ஒரு கை எங்கள் வண்டியின் கதவில். அவள் குழந்தையை ஏந்தி, அப்பாவைப் பாரு என்று காட்டினாள். அது கண்ணாடியில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கையை ஆட்டியது. படம் வந்த கவர் எங்கே என்று கேட்டேன். அதை வைத்து அடுப்புப் பற்றவைத்துவிட்டாளாம்.

உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. செத்தவன் சொல்லாதே என்றிருக்கிறான். சொன்னால்தான் என்ன சொல்வது? தாயே, நான் உன்னை ஏமாற்றினேன், ஆனால் ஏமாற்ற முடியாமல் போய்விட்டது என்றா?

இந்த முறை பிலிம் போட்டுத்தான் கொண்டுபோயிருந்தேன். சட்டத்தைக் கழற்ற அவளுக்கு மனமில்லை. வாசல் வெளிச்சத்தில் அதை அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லி, சுருள் முழுவதையும், எட்டையும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரியும்படி சாவியைத் திருப்பினேன். கழுவிப் பார்த்தபோது அவள் கை விழுந்திருந்தது, சட்டம் விழுந்திருந்தது, பூச்சரத்தில் இதழ்கூட எண்ணலாம். சட்டத்துக்குள் எட்டிலும் வெறும் வெள்ளை. கண்ணாடியின் பளபளப்பு என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். இருக்கலாம். பழைய பிலிம் கெட்டுப்போய்விட்டது, பிரதி போட முடியாது என்று வள்ளிக்கு எழுதினேன். இன்னொரு பொய். வாத்தியார் கையெழுத்தில் பதில் வந்தது: பரவாயில்லை.

பிலிமில்லாமல் படம் எப்படி வந்தது என்று உங்களுக்கு இருக்கும் சந்தேகம் எனக்கும் உண்டு. வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்பீர்கள். கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த ஊருக்கு எனக்கு முன்னும் பின்னும் கேமராவோடு யாரும் வந்ததில்லை. ஆனால் என்னை உறுத்துவது அது அல்ல. பெட்டிக் கேமராவில் எடுத்தால் வயிற்றுக்கு நேராகப் பார்த்ததுபோலத்தான் படம் விழும். இது நிற்கிற ஆளின் கண் உயரத்திலிருந்து பார்த்த படம். அதில் கருப்பையா உதட்டோரமாகச் சிரிக்கிறான். நான் விசையைத் தட்டியபோது அவன் சிரிக்கவில்லை. அதற்கப்புறம்தான் சிரித்தான். அவன் காலடியில் என் நிழல் விழுந்திருக்கிறது. அந்த நிழலின் கையில் கேமரா தொங்கிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆயுளில் முதல் தடவையாக ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். மேஜைமேல் கிடந்த என் படங்களை, சித்தன்னவாசல் இருட்டு, வெளுத்த கோயில், தன் தம்பியின் பாதி முகம், எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பிலிம் போடாம எடுத்தாத்தான் ஒங்களுக்குப் படம் நல்லா வருது."