அரிசி நிறைஞ்ச வீடு

என் பெரியம்மாவுக்கு முதியோர் கொடுப்பனவு தொடர்ந்து கிடைக்குமா இல்லையா என்பது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிவாக இருந்தது. வீடு வீடாக வந்து மறுபடி விசாரிக்கப் போகிறார்கள், வசதியுள்ளவர்களின் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று கிராம சேவகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெரியம்மா போர்ச் சண்டைக்குள் வன்னியை விட்டு வந்து இந்தக் கரையோர ஊரில் குடியேறியவர். பிள்ளைகள் கிடையாது. நான் ஏதாவது கொடுத்தால் வாங்க மாட்டார். கொடுப்பனவு மட்டும் அரசாங்கம் செய்யும் மரியாதையாம், அதை வாங்கலாமாம். அந்த ரோசத்தோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

நான் இருக்கும் முந்தலில் இருந்து முதல் பஸ்ஸில் ஓடி வந்தேன். மனுசி தன் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் அரிசியோ உப்போ தீர்ந்தால் இல்லை என்று சொல்வதில்லை. சொன்னால் அது வீட்டின் காதில் விழுந்து அப்படியே நிலைத்துவிடுமாம். அதனால் ‘நிறைஞ்சிருக்குது’ என்பார்கள். கேட்டவர் விளங்கிக்கொண்டு கடைக்குப் போவார். பெரியம்மா இதில் மகா பிடிவாதக்காரி. அதுவும் வெள்ளிக்கிழமை.

வந்த உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பொடியன். தமிழ் படித்துச் சுத்தமாகக் கதைத்தார். தெரியாதவராக இருந்திருந்தால் நான் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சமாளித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போனது. யாருடன் இருக்கிறீர்கள், யார் உதவுகிறார்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், வீட்டில் சமைக்க அரிசி இருக்கிறதா என்றார்.

“நிறைஞ்சிருக்குது, தம்பி.”

அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். அது அப்படியில்லை, அதன் அர்த்தம் வேறு என்று குறுக்கே விழுந்தேன். அவர் பேனையை நிறுத்தினார்.

“அக்கா, நீங்கள் கதைக்க வேண்டாம். அம்மா சொல்லட்டும்.”

சில வீடுகளில் வயதானவர்களை வாயைத் திறக்க விடாமல் மற்றவர்கள் பொய் சொல்கிறார்களாம். அது உண்மைதான், எனக்கே அப்படி இரண்டு வீடுகள் தெரியும். பானையைத் திறந்து பாருங்கள் என்றேன். ஒரு வயதான அம்மாவின் குசினியைக் கிளறுவதற்குத் தான் வரவில்லை என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதரிடம் அகப்பட்டு முழிப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை.

“அம்மா, கடைசியாகக் கேட்கிறேன். அரிசி இருக்கிறதா, இல்லையா?”

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் கதிரையைப் பிடித்து எழும்பி, முழங்கால் வலியோடு ஒவ்வொரு அடியாக வைத்து வெளியே நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து உத்தியோகத்தர் கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். அந்த நேரத்தில் பெரியம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

படலையைத் திறந்து, முன்னால் இருந்த குறுகிய ஒழுங்கையைக் கடந்து, அந்தப் பக்க வேலியோரம் போய் நின்றுகொண்டு அவர் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்சை வாங்கோ.”

உத்தியோகத்தர் போனார். நானும் பின்னால் ஓடினேன். பெரியம்மா வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பொடியனின் காதுக்குக் கிட்டப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இல்லை, தம்பி. நேற்றிலயிருந்தே இல்லை.”

பொடியன் வெயிலில் நின்றபடியே முன்பு எழுதியதை வெட்டினார். பெயர் வெட்டுப்படாது, பயப்பட வேண்டாம் என்று பெரியம்மாவைப் போலவே மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நேற்று முழுக்க என்ன சாப்பிட்டார் என்று கேட்க வாயைத் திறந்தேன். பெரியம்மா விடவில்லை. கிணற்றடியைக் காட்டினார்.

“நீயும் அந்தச் சொல்லைக் கேட்டனியெல்லே. காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கை வா.”