சன்னாசி பிரித்துக் கொடுத்த நான்கு நிரைகள்

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த சன்னாசி, தம் வாழ்நாளில் ஒரே ஒரு கோல்தான் அடித்தார். அதுவும் தம் அணியின் வலைக்குள்ளேயே. எதிரே வந்த பந்தை வெளியே தள்ளப் போய் உள்ளே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து கோல் அடிப்பதே ஒரு கெட்ட பழக்கம் என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவை மட்டும் மூலதனமாக வைத்து ஈப்போவில் பதின்மூன்று ஆண்டுகள் பயிற்சியாளராகக் காலம் தள்ளினார்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, 1970இல், அவர் ஈப்போவுக்கு வந்தார். ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை கிடைத்தது. கல்லூரிக்கு ஒரு காற்பந்து அணி இருந்தது. அதன் தலைமைப் பயிற்சியாளர் கணித ஆசிரியர். தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவர் சொன்ன மறுநாள், சன்னாசி குழாய்களைக் காயவைத்துவிட்டு மைதானத்துக்குப் போனார். அதன்பிறகு அவரை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியவில்லை.

அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். தோட்டத்தில் ஒவ்வொரு பால்மரத் தொழிலாளிக்கும் ஒரு நிரை உண்டு. இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரை அவனுடையது. அடுத்த நிரையில் ஒரு மரத்தைத் தொட்டாலும் சண்டை வரும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வருவார், விசாரணை வரும். சன்னாசி இந்தச் சட்டத்தை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தார். கோல் கம்பத்துக்கு முன்னால் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி நான்கு நிரை பிரித்தார். தடுப்பாட்டக்காரர் நால்வருக்கும் ஆளுக்கொரு நிரை. காலை ஆறு மணிக்குப் பெரட்டு. தோட்டத்தில் கூப்பிடுவது போலவே வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். தாமதமாக வந்தவனுக்கு அன்றைக்கு நிரை கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"ஒன் நெரையில வந்தா ஒன் பந்து. அடுத்தவன் நெரையில கைய வைக்கிறது அவன் வீட்டு அடுப்புல கைய வைக்கிற மாதிரி," என்பார்.

"காலத்தான வைக்கிறோம், அண்ணே," என்று ஒருவன் சொன்னான். அவனை ஒரு வாரம் பெரட்டில் சேர்க்கவில்லை.

முறை வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1978இல் பத்து ஆட்டங்களில் கல்லூரி வாங்கியது இரண்டே கோல். எட்டு ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒன்றில் தோல்வி. ஒன்றில் மூன்று கோல் அடித்து வெற்றி; அது எதிரணியில் பாதிப் பேர் வயிற்றுப்போக்கினால் வராத நாள். அந்த மூன்றையும் சன்னாசி ஒழுக்கக்கேடு என்றே கருதினார். பார்க்க வந்தவர்கள் முதல் பாதியிலேயே எழுந்து தேநீர் குடிக்கப் போவார்கள். திரும்பி வந்து "என்னா ஆச்சு?" என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் சன்னாசிக்கு ஓர் ஆசை இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஆக வேண்டும். அது வெளியே தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். கணித ஆசிரியர் ஆஸ்திரேலியா போனபோதும், அடுத்து வந்தவர் கல்யாணம் செய்துகொண்டு குவாந்தானுக்கு மாற்றலாகிப் போனபோதும், அவர் வெள்ளைச் சிலுவாருக்குக் கஞ்சி போடச் சொல்லி, அதைக் காலில் மாட்டிக்கொண்டு முதல்வர் அறைப்பக்கமாக நடந்தார். இரண்டு தடவையும் வேறு ஆள் வந்தார். மூன்றாமவரான ஆம்புரோஸ் உடற்பயிற்சி ஆசிரியர், நல்ல மனிதர். "பின்னால நீங்க பாத்துக்குங்க அண்ணே, முன்னால ஆண்டவர் பாத்துக்குவாரு," என்று சொல்லிவிட்டு அவர் நிழலில் உட்கார்ந்துகொள்வார்.

1983இல் ஆம்புரோஸும் ஜொகூரில் காப்புறுதி விற்கப் போய்விட்டார். கல்லூரி அணி அந்த ஆண்டு எப்படியோ வட்டாரக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. முதல்வர் கார்த்திகேசு சன்னாசியை அழைத்தார். முதல்வர் சொற்களை எண்ணி எண்ணிப் பேசுகிறவர்.

"கிண்ணத்தைக் கொண்டு வாரும். தலைமைப் பதவி உமக்குத்தான்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி நவமணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கொண்டு வரணும்னா கோல் அடிக்கணுமே," என்றாள்.

"வாங்காம இருந்தா போதும்."

"ரெண்டு பேரும் வாங்காட்டி கிண்ணத்த யாருக்குக் குடுப்பாங்க? பாதியா அறுத்துக் குடுப்பாங்களா?"

சன்னாசி சிலுவாருக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் ஒரு முடிவு எடுத்தார். நான்காவது நிரைக்காரன் லியோங், சிம்பாங் பூலாய் காப்பிக்கடைக்காரர் மகன். அவனுக்குத் தோட்டம் தெரியாது. பந்து எங்கே போனாலும் பின்னாலேயே ஓடிப்போய் உதைத்துவிடுவான்.

"ஊரான் நெரையிலெல்லாம் மரம் சீவுறான் இவன்," என்று சன்னாசி அவனை உட்கார வைத்தார்.

"கோச், பந்து அங்க போனா நானும் அங்க போக வேணாமாலா?"

"வேணாம். ஒனக்குப் பந்து வரும். வர்ற வரைக்கும் நில்லு."

அவனுக்குப் பதிலாகத் தோட்டத்துப் பையன் ஒருவன் வந்தான். நான்கு நிரையிலும் இப்போது தோட்டத்துப் பிள்ளைகள். பள்ளி விடுமுறையில் தாய் தகப்பனோடு மரத்துப் பால் பிடிக்கும் மங்கு துடைத்து வளர்ந்தவர்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

எதிரணி லகாட் பக்கத்திலிருந்து வந்தது. இருபதாவது நிமிடத்தில் அவர்களில் ஒருவன் பெனால்டி எல்லைக்குள் பந்தைக் கையால் தொட்டான். பெனால்டியில் கல்லூரிக்கு ஒரு கோல். சன்னாசி கைதட்டவில்லை, பத்துப் பேரையும் பின்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்புறம் ஐம்பது நிமிடத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான். தலைமைப் பதவிக்கும் அவருக்கும் நடுவே பன்னிரண்டு நிமிடங்கள் மிச்சம் இருந்தன.

அப்போது லகாட் கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைத்தான். அது உயரப் போய், இரண்டாம் நிரைக்கும் மூன்றாம் நிரைக்கும் நடுவே இறங்கியது. போட்டி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கிடையாது. ஆனால் பையன்களின் மனத்தில் அது அழியாமல் இருந்தது. இரண்டாம் நிரைப் பத்துமலை மூன்றாம் நிரைச் சீனியைப் பார்த்தான்.

"ஒன்னோடதுடா."

"இல்லலா, கோட்டுக்கு அந்தப் பக்கம்."

பந்து ஒரு தடவை எழும்பி இறங்கியது. அதற்குள் லகாட் பையன் ஓடிவந்து இருவருக்கும் நடுவே புகுந்து அதை வலைக்குள் அனுப்பிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று.

ஓரத்தில் லியோங் எழுந்து சட்டையைக் கழற்றினான். "கோச், நான் போறேன்."

சன்னாசி அவனைப் பார்த்தார். இவனை இறக்கினால் இவன் நான்கு நிரையிலும் ஓடுவான். பந்தை உதைப்பான். ஒருவேளை கிண்ணம் கிடைக்கும், பதவியும் கிடைக்கும். ஆனால் நிரை என்று ஒன்று இருந்ததே பொய் என்று ஆகிவிடும். பதின்மூன்று வருஷமாகச் சுண்ணாம்பு கரைத்தது என்னத்துக்கு?

"ஒக்காரு," என்றார்.

லகாட் கோல்கீப்பர் முட்டாள் அல்ல. மறுபடி அதே இடத்தைப் பார்த்து உதைத்தான். பந்து வானத்தில் வந்துகொண்டிருக்கும்போதே சன்னாசிக்கு அது எங்கே விழும் என்று தெரிந்துவிட்டது. உதைங்கடா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"யாரோட நெரைலா அது?"

கேட்டவர் பயிற்சியாளர். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. பத்துமலையும் சீனியும் அவர் பக்கம் திரும்பினார்கள். பத்துமலை விளக்கம் சொல்லக் கையைக்கூடத் தூக்கிவிட்டான். அவர்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது கோல் விழுந்தது.

மறுநாள் சன்னாசி ஒரு தாளில் மைதானத்தை வரைந்து எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனார்.

"ஐயா, ரெண்டு கோலும் கோட்டு மேலதான் வந்துச்சு. யாரு நெரையிலயும் வரல. தடுப்பாட்டத்துல தப்பு இல்ல."

கார்த்திகேசு தாளை வாங்கிப் பார்த்தார். "பந்து கடைசியில் எங்கே போனது, சன்னாசி?"

"வலைக்குள்ளதாங்க, ஐயா."

"அது யாருடைய நிரை?"

"அது கோல்கீப்பர் நெரை."

முதல்வர் தாளை மடித்து அவரிடமே கொடுத்தார். அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். சன்னாசி தடுப்பாட்டப் பயிற்சியாளராகவே நீடிக்கலாம் என்று கடிதம் வந்தது. இளைஞர் முதல் நாளே சுண்ணாம்பை வாளியோடு ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னார். எல்லோரும் எல்லா இடத்திலும் ஓட வேண்டும் என்றார். லியோங் அணிக்குத் திரும்பினான்.

புதியவரின் முதல் ஆட்டத்தில் அரைமணி நேரத்துக்குள் கல்லூரி இரண்டு கோல் வாங்கியது. சன்னாசி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மூன்றாவது விழுந்தபோது துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டார். சிரிப்பை வேறு எப்படி மறைப்பது என்று தெரியவில்லை. ஐந்தாவதுக்கு அவர் மறைக்கவே இல்லை. இப்படியொரு நல்ல நாள் அவருக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நவமணி வாசலிலேயே கேட்டாள். "ஆறுக்கு அஞ்சுன்னு ஜெயிச்சிட்டீங்களாமே. பக்கத்து வீட்டுப் பையன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கெடக்கான்."

"அஞ்சு வாங்கியிருக்கோம்," என்றார் சன்னாசி. "அஞ்சு."

பிறகு கைகழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சோறு நிறையப் போடச் சொன்னார்.